நெஞ்சுக் கட்டி வீட்டில் ஒட்டுமா?

கேள்வி: அண்ணனுக்கு நெஞ்சில் கட்டி. புற்றுநோயோ என்று பயந்தோம். பயாப்சியில் ‘ஆக்டினோமைகோசிஸ்’ என்று வந்தது. எங்களுக்கும் ஒட்டுமா டாக்டர்?

பதில்: ஒட்டாதம்மா, பயப்படாதீர்கள். ஆக்டினோமைகோசிஸ் என்பது ஒரு பாக்டீரியா தொற்று. அந்த பாக்டீரியா பலர் வாயில் சும்மா கிடப்பதுதான். சொத்தைப் பல், ஈறு நோய் இருப்பவர்களுக்கு எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால்தான் வினை. அப்புறம் நுரையீரல் உறை, தசை, விலா எலும்பு என்று எதையும் விடாமல் துளைத்துக்கொண்டு தோல்வரை வந்து சீழாக உடையும். அந்தச் சீழில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் தெரியும். அத்தனையும் கிருமிக் கூட்டம்.

பெனிசிலினுக்கு நன்றாகக் கட்டுப்படும். பெரும்பாலும் 2 முதல் 6 வாரம் ஊசி, பிறகு 6 முதல் 12 மாதம் மாத்திரை. என் கவலை இதில்தான்: இருமல் நின்றதும் அண்ணன் மாத்திரையை நிறுத்தப் பார்ப்பார். விடாதீர்கள், நோய் திரும்ப வரும். பல் மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள்.