செப்ரைட் பேண்டம் கோழிக்குச் சங்கம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகப் பொன்னிறச் செப்ரைட் பேண்டம் என்னும் சிற்றுருவக் கோழிகளை வளர்த்து வருகிறேன்; இப்போது 2 சேவலும் 5 பெட்டையும் உள்ளன. கடைசியாக நாட்டுக்கோழியிடம் அடைவைத்த 22 முட்டைகளில் 3 மட்டுமே பொரித்தன. மீதியை உடைத்துப் பார்த்தபோது 14 கருக்கூடாத கூமுட்டைகளாகவும், 5 ஓட்டுக்குள்ளேயே குஞ்சு செத்தவையாகவும் இருந்தன. சேவல் பெட்டையைப் போல இருப்பதே குறை என்று சிலர் சொல்கிறார்கள். வேலந்தாவளம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சிப் பக்கம் இதே இனத்தை வளர்க்கும் பத்துப் பேர் சேர்ந்து சங்கம் ஒன்று தொடங்க நினைக்கிறோம். இத்தகைய சங்கங்கள் எப்படித் தோன்றின, அவற்றால் என்ன பயன் என்று விளக்க வேண்டும். எங்கள் கோழிகளின் இறகுகள் மூன்றை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

பதில்: அன்புள்ள ஐயா, நீங்கள் அனுப்பிய இறகுகளை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு இறகுகளில் பொன்னிறப் பரப்பைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு, மைக்கோல் கொண்டு இழுத்தாற்போல ஒரே தடிமனில் அடி முதல் நுனி வரை ஓடுகிறது. மூன்றாவதில் அந்த விளிம்பு நுனியில் தடித்து, பக்கங்களில் மெலிந்து, குதிரை லாடம் போல் இருக்கிறது. முதல் இரண்டும் இந்த இனத்திற்கு உரிய நல்ல இறகுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நீங்கள் முட்டைகளை உடைத்து எண்ணி எழுதிய கணக்கை இறகுகளைவிட மதிப்பு மிக்கதாக நான் கருதுகிறேன். சங்கம் பற்றி நான் சொல்ல வேண்டியது முழுவதும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

உங்கள் கோழிகளின் இனத்துக்குப் பெயர் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழாரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ஜான் செப்ரைட் (1767–1846). உருவில் சிறிய பல கோழி இனங்களைக் கலந்து, பிறகு நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பல ஆண்டு உழைப்பில் இந்த விளிம்பிட்ட இறகைக் கொண்டுவந்தார். எந்த இனத்தை எந்த ஆண்டில் எதனோடு சேர்த்தார் என்பதற்கு முழுமையான குறிப்பேடு எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. அதனால் அந்த இனத்தைத் திரும்ப உருவாக்கும் வழி பின்வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இருக்கும் கோழிகளைக் காப்பாற்றுவது ஒன்றே வழியாயிற்று.

1810-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் அவருடைய நண்பர்களும் இந்த ஓர் இனத்துக்கென்றே தனிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கோழி உலகில் தனி ஓர் இனத்துக்காக எழுந்த முதல் சங்கமாக அதையே குறிப்பிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை லண்டன் ஹோல்பர்ன் பகுதியிலுள்ள கிரேஸ் இன் காபி ஹவுஸில் உறுப்பினர்கள் தங்கள் கோழிகளுடன் கூடி, இறகையும் உடலளவையும் ஒப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். சேவல் சுமார் 620 கிராம், பெட்டை அதற்கும் குறைவு என்ற எடை வரம்பு இன்றும் இந்த இனத்துக்கு இருக்கிறது. பொதுக் கோழிக் கண்காட்சிகள் அப்போது தோன்றியிருக்கவே இல்லை. இங்கிலாந்தில் சேவற்சண்டை 1835-இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டு, லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் முதல் பெரிய கோழிக் கண்காட்சி 1845-இல் நடப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே இவர்கள் கூடிவிட்டார்கள். பிரிட்டன் கோழிச் சங்கம் 1877-இலும், அமெரிக்க பேண்டம் சங்கம் 1914-இலும் வந்தன.

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் பாதிக்கும் பகுதி ஒன்று உண்டு. செப்ரைட் 1809-இல், கால்நடை இனங்களை மேம்படுத்துவது பற்றி அறிவியலாளர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தை நூலாக வெளியிட்டார். உறவுக்குள்ளேயே தொடர்ந்து இணைசேர்த்துப் பார்த்ததில் தம் கோழிகள் கால் நீண்டு, உடல் சிறுத்து, குஞ்சு பெருக்கும் திறனை இழந்தன என்று அதில் அவரே எழுதியிருக்கிறார். இவ்வளவும் அறிந்தவர் தொடங்கிய சங்கம்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அதே குழியில் விழுந்தது. செப்ரைட்டின் மந்தையிலிருந்து நேராக வந்த வெள்ளிநிறப் பேண்டம் கோழிகளைத் தாம் பார்த்ததாகவும், அந்த ஆண்டு நிறைய முட்டைகள் வைத்த இரண்டு அடைகளிலிருந்து ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை என்றும் சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்துள்ளார். 22-க்கு 3 என்ற உங்கள் கணக்கைப் படித்தபோது எனக்கு இந்த இடமே நினைவுக்கு வந்தது. பரிசு முழுவதும் இறகுக்கே போனதும், பொரித்த குஞ்சுக்கு யாரும் மதிப்பெண் போடாததுமே அதற்குக் காரணம் என்பது என் முடிபு.

சேவல் பெட்டை போல இருப்பது நோயன்று, ஊனமுமன்று. பெரும்பாலான கோழி இனங்களில் சேவலின் கழுத்திலும் இடுப்பிலும் கூர்மையான நீண்ட இறகுகளும், வாலில் அரிவாள் இறகுகளும் வளரும். செப்ரைட் சேவலின் தோலிலோ அரோமடேஸ் என்னும் நொதி மிகுதியாகச் சுரந்து, ஆண் இயக்குநீரைப் பெண் இயக்குநீராக மாற்றிவிடுவதால் இறகு பெட்டையின் வடிவத்திலேயே வளர்கிறது. மரபியல் அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கன் செப்ரைட் சேவல்களின் விதைகளை அகற்றிப் பார்த்தபோது, அவற்றுக்கு வழக்கமான சேவல் இறகுகள் முளைத்தன. எனவே அந்த இறகு இனத்தின் இயல்பே. எனினும் உங்களிடம் அவ்வாறு சொன்னவர்களின் பேச்சை நான் முழுதும் தள்ளிவிட மாட்டேன். ஹெவிட் என்னும் அக்காலக் கோழி வல்லுநர், செப்ரைட் சேவலின் வாலில் முதன்மையான இரண்டு இறகுகள் அரை அங்குலம் நீண்டிருந்தாலே அது கருக்கூட்டும் வாய்ப்பு உயர்வதைக் கண்டதாகச் சொன்னதை டார்வின் எடுத்துக்காட்டுகிறார். உங்கள் இரண்டு சேவல்களில் எதன் வால் சற்றே நீண்டிருக்கிறதோ, கண்காட்சியில் எது தோற்குமோ, அதையே இனப்பெருக்கத்துக்கு முன்னிறுத்துங்கள்.

முட்டை பொரிக்காததற்கு மற்றொரு காரணம் கொண்டையில் இருக்கிறது. செப்ரைட்டுக்கு ரோஜாக் கொண்டை, அதாவது புடைப்புகள் நிறைந்த தட்டையான கொண்டை, கட்டாயம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ரோஜாக் கொண்டைக்கான மரபணுவைப் பெற்ற சேவலுக்கு விந்தணுக்களின் ஓட்டம் குறைவு என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற சேவலுக்கு இந்தக் குறை இல்லை. தூய்மை என்று நாம் போற்றித் தேர்ந்தெடுப்பதே கூமுட்டைக்கு வழி செய்கிறது. இனி உங்கள் குஞ்சுகளில் எப்போதாவது ஒற்றைக் கொண்டையோடு (நிமிர்ந்த ஒரே மடலாக உள்ள கொண்டை) ஒரு பெட்டை பிறந்தால், கழிவு என்று சந்தைக்கு அனுப்பிவிடாதீர்கள். அதை ரோஜாக் கொண்டைச் சேவலோடு சேருங்கள். தந்தை இரு பக்க மரபணுவும் உள்ள தூய சேவலாயின், பிறக்கும் ஆண்குஞ்சுகள் அனைத்தும் பார்வைக்கு ரோஜாக் கொண்டையோடும், உள்ளே ஒரு பக்க மரபணுவோடு மட்டும் இருக்கும். அத்தகைய சேவல் உங்கள் சங்கத்துக்குப் பெரிய சொத்து.

கூமுட்டை 14 என்பது சேவலின் கருக்கூட்டும் திறனைக் காட்டுகிறது. ஓட்டுக்குள் செத்த 5 நெருங்கிய உறவுக் கலப்பையோ, அடையின்போது வெப்பமும் ஈரமும் மாறியதையோ காட்டலாம். இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அடைவைத்த ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் ஒளியில் பார்த்துக் கூமுட்டைகளை அப்போதே எடுத்துவிடுங்கள். பேண்டம் முட்டை 21 நாள்வரை காத்திராமல் 19, 20-ஆம் நாளிலேயே பொரிக்கத் தொடங்கும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் சேவலின் விந்துத் தரம் தாழும். உங்கள் பகுதியில் வெயில் தணிந்த ஐப்பசி முதல் தை முடிய அடைவைப்பது நல்லது.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் சிறு கணக்கு ஒன்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறையில் உறவுக்கலப்பு எவ்வளவு ஏறும் என்பதை அறிய, சேவல் எண்ணிக்கையை 8-ஆல் பெருக்கி அதைக்கொண்டு 1-ஐ வகுக்க வேண்டும். பெட்டைக்கும் அவ்வாறே செய்து இரண்டையும் கூட்ட வேண்டும். உங்கள் 2 சேவல், 5 பெட்டைக்கு இது 6.25-உம் 2.5-உம் சேர்ந்து 8.75 சதவீதம் ஆகிறது. இதே அளவில் பத்து வீடுகள் ஒரே மந்தையாக இணைந்தால், 20 சேவலுக்கும் 50 பெட்டைக்கும் 0.875 சதவீதம்தான். தலைமுறைக்கு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இனப் பாதுகாப்பில் பொதுவாக ஏற்கப்படும் எல்லை. தனி ஒருவர் எவ்வளவு அக்கறையோடு வளர்த்தாலும் எட்ட முடியாத எல்லை அது. நீங்கள் பத்துப் பேர் சேர்ந்தால் எட்டிவிடலாம். சங்கம் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஆனால் பத்துப் பேரும் ஒரே வியாபாரியிடம் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். பத்து வீட்டிலும் இருப்பது ஒரே குடும்பமாகத்தான் இருக்கும். ஆகவே முதற்கூட்டத்தில் தலைவர், செயலாளர் தேர்வுக்கு முன்பாக, ஒவ்வொருவரும் எந்த ஊரில், யாரிடம், எந்த ஆண்டில் வாங்கினார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். அதன்பின் வீடுகளுக்கு 1 முதல் 10 வரை எண் கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் 1-ஆம் வீட்டில் பிறந்த இளஞ்சேவல்கள் 2-ஆம் வீட்டுக்கும், 2-இலிருந்து 3-க்கும், முடிவில் 10-இலிருந்து 1-க்கும் போக வேண்டும். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே தங்கும். சேவலை ஓராண்டுக்கு மேல் ஒரே கூட்டத்தில் விடாவிட்டால் தந்தை–மகள் கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தச் சுழற்சி நிலைக்க வேண்டுமானால் குஞ்சுக்கு அடையாளம் வேண்டும். கால்வளையம் பின்னால் போட்டுக்கொள்ளலாம். பிறந்த அன்றே செய்யக்கூடியது விரலிடைத் தோலில் துளையிடுவது. ஒவ்வொரு காலிலும் மூன்று முன்விரல்களுக்கு இடையே இரண்டு தோல் மடிப்புகள் உள்ளன. இரு கால்களிலுமாக நான்கு மடிப்புகளில் எதில் துளை, எதில் இல்லை என்று மாற்றி மாற்றி வைத்தால் 16 அடையாளங்கள் கிடைக்கும். பத்து வீட்டுக்கு இது தாராளம். துளைக் கருவியை ஒவ்வொரு குஞ்சுக்கும் முன் கிருமிநாசினியில் நனைத்துத் துடையுங்கள். மடிப்பின் நடுவில் துளை விழ வேண்டும், விளிம்பில் விழுந்தால் பிளந்து அடையாளம் அழிந்துவிடும்.

உங்களில் வெள்ளிநிறச் செப்ரைட் வைத்திருப்பவர் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். பொன்னிறச் சேவலை வெள்ளிநிறப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் எல்லாம் பொன்னிறமாகவும், ஆண்குஞ்சுகள் வெள்ளிநிறமாகவும் வரும். அந்தப் பெட்டைகளை உங்கள் பொன்னிற மந்தையில் தயக்கமின்றிச் சேர்க்கலாம். இனத்துக்கு வெளியே போகாமலேயே புது இரத்தம் கிடைத்துவிடும். ஆண்குஞ்சுகள் கலப்பு நிறத்தைச் சுமப்பதால் அவற்றை இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம்.

செப்ரைட் கோழிகளுக்கு மேரெக்ஸ் நோய் எளிதில் வரும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் இளங்கோழியைக் கண்டிருப்பீர்கள். அதற்கு மருத்துவம் இல்லை, பிறந்த அன்றே கழுத்துத் தோலுக்கடியில் போடும் தடுப்பூசி ஒன்றே காப்பு. அந்த மருந்துக் குப்பி பெரும்பாலும் 500 அல்லது 1000 குஞ்சுகளுக்கான அளவில் வருகிறது, கலக்கிய பின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மூன்று குஞ்சுக்காக ஒருவர் அதை வாங்குவது இயலாத காரியம். பத்து வீட்டிலும் முட்டைகளை ஒரே நாளில் அடைவைத்தால் குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்கும். ஒரு குப்பியை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம். அடைவைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. உங்கள் பக்கம் கோழிவசந்த என்றும், பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்லும் நோய்க்கான தடுப்பூசியையும் இதே முறையில் சேர்ந்தே போட்டுக்கொள்ளலாம்.

எல்லையின் இரு பக்கமும் உறுப்பினர் இருப்பதைச் சிக்கலாக எண்ண வேண்டாம். 2014-இலும் 2021-இலும் நடந்ததுபோல் கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்தால், வாளையாறு முதலிய சோதனைச் சாவடிகளில் கோழி ஏற்றிச் செல்வது நிறுத்தப்படும். நோய் கண்ட பகுதியில் கோழிகளை ஒட்டுமொத்தமாக அழிக்கவும் நேரிடும். அப்போது ஒரே வம்சவழியைச் சேர்ந்த கோழிகள் மறுபக்கத்தில் இருப்பதே இனத்துக்குக் காப்பு. ஆகவே வீட்டு எண்களைக் கொழிஞ்சாம்பாறை ஒன்று, பொள்ளாச்சி ஒன்று என மாற்றி மாற்றிக் கொடுங்கள்; சேவல் மாற்றத்தை நோய்ச் செய்தி எதுவும் இல்லாத நேரத்தில் முடித்துவிட்டு, வந்த சேவலை மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்த பிறகே மந்தையில் விடுங்கள்.

சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேர் போதும். விவரங்களை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம், அவசரம் இல்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் தலைச்சேரிக் கோழி போன்ற நம் நாட்டு இனங்களையே பதிவுசெய்யும். செப்ரைட் அயல் இனமாதலால் அங்கே இடம் பெறாது. உங்கள் நோட்டுப் புத்தகம்தான் இந்தக் கோழிகளுக்கு இருக்கப்போகும் ஒரே பதிவேடு. அதன் பக்கங்களில் முட்டை எண்ணிக்கை, ஏழாம் நாள் கூமுட்டை, ஓட்டுக்குள் செத்தது, பொரித்தது என்ற நான்கு கட்டங்களையும் சேவலின் எண்ணோடு இடுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் பரிசு வைப்பதானால், பாதி மதிப்பெண்ணை இந்தக் கட்டங்களுக்குக் கொடுங்கள்.

உடனடியாக நீங்கள் செய்ய வேண்டியது இது: இரண்டு சேவல்களையும் பிரித்து, ஒன்றுக்கு 2 பெட்டை, மற்றொன்றுக்கு 3 பெட்டை என்று தனித்தனி அடைப்பில் மூன்று வாரம் வையுங்கள். பெட்டையின் உடலில் முன்சேர்ந்த விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும் என்பதால், அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு இடும் முட்டைகளை மட்டும் பென்சிலால் குறித்து அடைவையுங்கள். எந்தச் சேவலின் முட்டைகளில் ஏழாம் நாள் நரம்பு ஓடியிருக்கிறது என்பதை எண்ணி எனக்கு எழுதுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று அப்போது முடிவு செய்யலாம்.