மேல்மாடிப் பெட்டியில் கை வைக்காதீர்கள், தம்பி

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். குடியிருப்பது பேஸ்மென்டில். வீட்டுக்காரரின் கேபிள் பெட்டி, மோடமும் ரவுட்டரும் ஒன்றாக இருப்பது, மேல்மாடியில். கீழே வைஃபை எட்டவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரை அதோடு சேர்க்கலாமா, புதிதாக வாங்குவதென்றால் எந்தக் கம்பனி, வீட்டுக்காரர் மாதக் கட்டணத்தில் பாதி கேட்கிறாரே, கொடுக்கலாமா?

கம்பனியை விடுங்கள், இரண்டு அறைக்கு எதை வாங்கினாலும் போதும். கட்டணம் உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. ரவுட்டரைச் சேர்க்கலாம். ஆனால் மேலே இருக்கும் பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

யாரிடம் கேட்டாலும் "பெட்டியை பிரிட்ஜ் மோடில் போடு" என்பார்கள். தனி வீடு, தனி இணைப்பு என்றால் நல்ல யோசனைதான். பெட்டி வெறும் மோடம் ஆகிவிடும், அதன் வைஃபை நின்றுவிடும், மற்ற வேலையெல்லாம் உங்கள் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். பலர் இருக்கும் வீட்டில் அதைச் செய்தால் மேலே உள்ளவர்களின் டிவி, போன், லேப்டாப் எல்லாம் அந்த நிமிடமே அறுந்துவிடும். பெட்டியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள் குத்திப் பிடித்தால் பாஸ்வேர்ட் முதற்கொண்டு எல்லாம் அழிந்துவிடும். அதன் பக்கமே போகாதீர்கள்.

இதை நான் பட்டு அறிந்தவன். 2006 கடைசியில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தேன். உங்களைப் போலவே பேஸ்மென்ட். பழைய சாமான் கடையில் 10 டொலருக்கு ஒரு ரவுட்டர் வாங்கி, மேலிருந்து வந்த கேபிளை, வீட்டுக் கருவிகளைச் சேர்க்கும் அதன் லான் போர்ட் ஒன்றில் சொருகிவிட்டேன். கீழே எனக்கு இன்டர்நெட் வந்தது. மேலே அவர்களுக்கு நின்றுவிட்டது. அன்று இரவுதான் வீட்டுக்காரரின் மகள் யூனிவர்சிட்டி விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். தலைக்கு மேலே அவர்கள் அங்கும் இங்கும் நடக்கும் சத்தம் நள்ளிரவு வரை கேட்டது. என்னால்தான் என்று எனக்குத் தெரியாது. காலையில் தெரிந்தபோது வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை, மாதக் கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பனி கொட்டுகிற ஜனவரியில் இரண்டு பெட்டியோடு இறங்கினேன்.

ஏன் அப்படி ஆனது என்பதை நம் ஆட்களுக்குப் பெரட்டுக்களத்தை, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தை, வைத்துச் சொன்னால் விளங்கும். காலையில் பேர் பதிந்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுபவர் ஒரு கணக்கப்பிள்ளை. அதே களத்தில் இன்னொருவர் வந்து நின்று தன் பாட்டுக்குப் பிரித்துவிட்டால் ஆட்கள் எங்கே போவார்கள்? ரவுட்டருக்குள் டிஎச்சிபி என்று ஒன்று செய்வது இந்தப் பிரிப்பு வேலைதான். ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி, வெளியே போகும் வழி இது என்று சொல்லிக் கொடுக்கும். லான் போர்ட்டில் சொருகியதால் என் ரவுட்டரும் மேல்மாடிக் களத்தில் போய் நின்று, அவர்கள் கம்ப்யூட்டருக்குத் தப்பான வழியைக் காட்டிவிட்டது.

ஆகவே மேல் பெட்டியின் லான் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை உங்கள் ரவுட்டரில் இன்டர்நெட் என்று எழுதிய, நிறம் மாறிய போர்ட்டில் சொருகுங்கள். அப்போது உங்கள் களம் வேறு, அவர்கள் களம் வேறு. மேல் பெட்டியின் முகவரி 192.168.0.1 என்றிருந்தால் உங்களுடையதை 192.168.50.1 என்று மாற்றுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் இப்படி நிற்பதை டபிள் நாட் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். வாட்ஸ்அப், வீடியோ கால், யூடியூப் எல்லாம் ஓடும். சில ஆன்லைன் கேம்களுக்கும், வெளியிலிருந்து வீட்டுக் கெமராவுக்குள் நுழைகிறவர்களுக்கும்தான் தொல்லை. உங்களுக்கு இதில் நன்மையும் உண்டு, மேல்மாடிக் கருவிகள் உங்கள் லேப்டாப்பைத் தேடி உள்ளே வர முடியாது.

ஊர் ரவுட்டரின் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இங்குள்ள 120 வோல்ட்டில் ஓடும், சுவரில் சொருகும் பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது தானாக 12, 13ஆம் சேனலுக்குப் போனால் இங்கே வாங்கிய சில போன்களுக்கு வைஃபையே தெரியாது. 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிலையாக வையுங்கள்.

சுவரில் சொருகும் ரிப்பீட்டர் வேண்டாம். இந்த வீடுகளின் பேஸ்மென்ட் கூரைக்குள் ஹீட்டிங் தகரக் குழாய்கள் ஓடுகின்றன, சிக்னலை அவையே தின்றுவிடும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். கேபிளோ 100 மீட்டர் வரை தாங்கும். இங்கே முன்னால் வந்த சிலர், புதிதாக வந்த பிள்ளைகளிடம் 300 டொலர் மெஷ், அதாவது வீடு முழுக்க வைஃபை பரப்பும் பல பெட்டிகள் கொண்ட செட், வாங்கு என்று சொல்கிறார்கள், கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மலையகம் என்றால் "கண்டியா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை முடிப்பவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் யாரிடமும் கேட்காமல், நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான் இதெல்லாம் கற்றுக்கொண்டேன். இன்று எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்கு நான்தான் கேபிள் இழுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த முதல் குளிர்காலத்தில் அம்மா ஞாயிறு காலை 10 மணிக்கு டவுனில் கொமியூனிகேஷன் கடைக்கு வந்து காத்திருப்பார். இங்கே சனி இரவு 11.30. நான் போன் கார்டைச் சுரண்டி நம்பர் அடித்தால், பாதிப் பேச்சில் நிமிடம் முடிந்துவிடும். தோட்டத்து லயன் வீட்டிலிருந்து நாலு மைல் நடந்து வந்தவர் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் அறுந்த நாட்கள் உண்டு. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது அக்கா மகள் சிக்னலுக்காகத் தேயிலை மலை உச்சிக்கு ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு போனில் பாடம் கேட்டாள். கீழே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்றால் ஒரு கோடுகூட வராது.

நீங்களும் வீட்டுக்குப் பேசத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொருகுங்கள். படியோரமாக இழுக்க 50 அடி கேபிள் போதும். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.