நவம்பர் கடைசியில் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதி புயலாகுமா ஆகாதா என்று நாமே கண்காணிப்பது எப்படி?

கேட்டவர் கடலோரத்திலோ ஆற்றோரத்திலோ குடியிருப்பவர் என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

சுழற்காற்று மணிக்கு 31 கி.மீ. தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால் புயல். அப்போதுதான் பெயர் வைப்பார்கள். நவம்பர் கடைசியிலும் கடலில் சூடு இருக்கும். மேலடுக்கில் வேறு திசையிலோ வேகத்திலோ வீசும் காற்றும் வடக்கிலிருந்து நுழையும் வறண்ட காற்றும்தான் அதை வளரவிடாமல் கெடுப்பவை. செயற்கைக்கோள் படத்தில் மேகம் மையத்தைச் சுற்றித் திரண்டிருக்கிறதா, ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒதுங்கிக் கிடந்தால் புயலாவது கஷ்டம்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2024-இல் என் தாய்மாமனுக்குத் தப்பாகச் சொன்னேன்.

மாமாவுக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம் விவசாயம். பின்னால் ஃபெஞ்சல் புயல் என்று பெயர் பெற்ற தாழ்வு மண்டலம் அப்போது இலங்கைக் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நவம்பர் 27-ஆம் தேதியே புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. 28-ஆம் தேதி, வலுவிழந்துதான் கரைக்கு வரும் என்ற பேச்சு வந்தது. படத்திலும் மேகம் சிதறித்தான் தெரிந்தது. "புயல் வருமா வராதாடா தம்பி?" என்று மாமா போனில் கேட்டார். "வராது மாமா, வெறும் மழைதான்" என்றேன். மறுநாள் பிற்பகல் அது புயலாகிவிட்டது.

அதைக்கூட மன்னிக்கலாம். 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1 மதியம் மாமா மறுபடி கூப்பிட்டு, "ஆத்தோரக் கிணத்து மோட்டாரைக் கழட்டி மேல ஏத்திடவா?" என்றார். "கடந்துடுச்சு மாமா, இனிமே அடங்கிடும்" என்றேன். ஆனால் புயல் நகராமல் புதுச்சேரி பக்கமே மணிக்கணக்கில் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. பிறகு ஆற்றுக்கு மேல்பக்கம் உள்ள ஊத்தங்கரைப் பக்கம் கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீரும் சேர, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். விடிவதற்குள் மோட்டார், குழாய், ஒரு கன்றுக்குட்டி எல்லாம் போயின. சம்பா முழுக்க வண்டல் மூடியது.

வானிலைக்காரர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கனமழை எச்சரிக்கை அவர்கள் கொடுத்ததுதான். புயலா இல்லையா என்பதிலேயே குறியாக இருந்து அதைக் கவனிக்காதது நான். 2020 டிசம்பரில் புரெவி புயலும் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து, கரைக்கு வராமல் அங்கேயே நின்று சிதம்பரம் வட்டாரத்தை மூழ்கடித்தது. அதையும் பார்த்தவன்தான் நான்.

அதனால் பெயர் வைத்தார்களா என்று பார்க்கும் நேரத்தில், அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். ஆறு மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றால் பயப்படுங்கள். காரைக்கால், சென்னை ரேடார் படங்களை மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஆற்றோரமாக இருந்தால் உங்கள் ஊர் மழையை விட மேலே உள்ள அணையின் நீர்த்திறப்புதான் முக்கியம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். மாமா பயிரிட்டது வாய்வார்த்தைக் குத்தகை நிலம். விதை, உரம், களையெடுப்பு எல்லாம் அவர் கைக்காசு. நிவாரணமோ பட்டாக்காரர் கணக்குக்குப் போனது. அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) சாகுபடி செய்பவர் பெயரை எழுத இடம் இருக்கிறது. எழுதச் சொல்லி மாமா இன்னமும் நடந்துகொண்டிருக்கிறார். நிலத்துக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கி வா என்கிறார்கள் அதிகாரிகள். நிலத்துக்காரர் போனையே எடுப்பதில்லை.