‘ஓ மை காட்’ சொல்வது தப்பா?

கேள்வி: அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வீடியோ மீட்டிங்கில் ஒரு நல்ல செய்தி வந்தபோது, சந்தோஷத்தில் ‘ஓ மை காட்!’ என்றேன். பிறகு அங்குள்ள மூத்த அம்மா ஒருவர் தனியாக அழைத்து, அப்படிச் சொல்வதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். கடவுளைக் கூப்பிட்டதில் என்ன தவறு? வேறு என்ன சொல்லலாம்?

பதில்: உங்கள் குழப்பம் புரிகிறது. நம் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் ‘முருகா!’ என்கிறோம், கால் இடறினால் ‘கடவுளே!’ என்கிறோம். சாமி பெயர் வாயில் வந்ததற்குப் பாட்டி சந்தோஷம்தான் படுவார். அதே பழக்கத்தில் ‘ஓ மை காட்’டும் நமக்குச் சுலபமாக வந்துவிடுகிறது.

கிறிஸ்தவ மரபில் கணக்கு வேறு. கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்கக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஜெபத்தில் சொல்லலாம், வியப்புக்கும் எரிச்சலுக்கும் அந்தப் பெயரை எடுப்பதுதான் ‘வீணிலே’. 1606-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் பத்து பவுண்டு அபராதம் என்று சட்டமே போட்டது. அன்றைக்கு அது பெரிய தொகை.

ஆனால் வியப்பு வந்தால் வாய் சும்மா இருக்காதே! அதனால் ஆங்கிலேயர்கள் பெயரைத் தொடங்கிவிட்டுப் பாதியில் திருப்பினார்கள். ‘காட்’ என்று வர வேண்டியது ‘காஷ்’ ஆனது. ‘ஜீசஸ்’ என்பதன் முதல் அசைதான் ‘ஜீ’. ‘மை குட்னெஸ்’ என்பதிலும் கடவுள் இருந்த இடத்தில் ‘நற்குணம்’ உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில வியப்புச் சொற்களில் பல இப்படி அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டு போனவைதான். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

சரி, ‘ஓஎம்ஜி’ என்று சுருக்கினால்? செல்போன் தலைமுறை கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1917 செப்டம்பரில், 76 வயதான பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு, சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. புதிதாக ஒரு வீரப்பட்டம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, ஓ, எம், ஜி என மூன்று எழுத்தைப் புள்ளி வைத்து எழுதி, அடைப்புக்குறிக்குள் விரிவாக்கத்தையும் கொடுத்திருக்கிறார். சுருக்கினாலும் உள்ளே இருப்பது அதே பெயர்தான். அதனால் அந்த அம்மாவுக்கு இதுவும் வேண்டாம்.

நான் சொல்லும் மாற்று ‘வாவ்’. இதில் கடவுள் பெயரே கிடையாது. பழைய ஸ்காட்லாந்துச் சொல். அந்நாட்டுக் கவிஞர் கேவின் டக்ளஸ் 1513-இல் முடித்த ‘ஈனிட்’ என்ற லத்தீன் காவியத்தின் மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. அப்புறம், 1977-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு ரேடியோ தொலைநோக்கி விண்வெளியிலிருந்து விசித்திரமான சமிக்ஞை ஒன்றைப் பதிவு செய்தது. அச்சான தாளைப் பார்த்த ஜெர்ரி எமன் என்ற வானியலாளர், அந்தச் சமிக்ஞையைக் காட்டிய எழுத்துகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியது இந்த ஒரே சொல். இன்றும் அதற்கு ‘வாவ் சமிக்ஞை’ என்றுதான் பெயர்.

‘மை குட்னெஸ்’ பெரும்பாலோருக்கு உறுத்தாது. ‘காஷ்’ கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டியது. அது மறைத்துச் சொன்ன ‘காட்’ என்பதால், பக்தி மிகுந்த சிலர் அதையும் தவிர்ப்பார்கள்.

‘வாவ்’ சொல்லும்போது குரலைக் கவனியுங்கள். நீட்டி, ஏற்றிச் சொன்னால் பாராட்டு. தட்டையாக, சட்டென்று சொன்னால் ‘இப்படியும் செய்வார்களா’ என்ற அதிருப்தி தொனிக்கும். மெயிலில் குரல் இல்லாததால் இது இன்னும் சிக்கல். ‘வாவ்’ என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். ஆச்சரியக்குறி போட்டு, எது பிடித்தது என்று கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அந்த அம்மாவிடம், ‘எங்கள் ஊரில் கடவுளைக் கூப்பிடுவது வழக்கம், அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது’ என்று சொல்லுங்கள். அவர் உங்களைத் தனியாக அழைத்துத்தானே சொன்னார்? நிச்சயம் புரிந்துகொள்வார்.