புல்லுக்கு அடியில் தேங்கும் நீர்

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்குப் பின்னால் மண் தரையின் மேல் செயற்கைப் புல்தரை அமைத்தோம். மழை பெய்தால் ஒரு மூலையில் இரண்டு நாள் வரை தண்ணீர் நிற்கிறது. அங்கே இணைப்பு பிரிந்து விளிம்பு எழும்பிவிட்டது. இரண்டு முறை பசை வைத்தும் நிற்கவில்லை. துர்நாற்றமும் வீசுகிறது. புல்லையே மாற்றிவிடலாமா?

பதில்: அந்த முடிவைச் சற்றுத் தள்ளிவையுங்கள். கீழே ஈரம் தங்கியிருக்கும்வரை எந்தப் பசையும் பிடிக்காது. புதுப் புல்லை வாங்கிப் போட்டாலும் அதே மூலையில் அதே இணைப்பு மறுபடியும் பிரியும்.

மழையில்லாத நாளில் அந்த மூலையைக் கழற்றி மடக்கிவிட்டு, புல்லுக்கு அடியில் உள்ள வெறும் ஜல்லிப் படுகையின் மேல் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் உடனே உள்ளே இறங்கினால், குறை விரிப்பில் இருக்கிறது: அதன் முதுகில் உள்ள வடிதுளைகளைச் சேறும், புல் இழைகளுக்கு இடையே தூவியிருந்து இறுகிப்போன மணலும் அடைத்திருக்கும். முதுகுப் பக்கத்திலிருந்து குழாய் நீரைப் பீய்ச்சி, ஒவ்வொரு துளையையும் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, கெட்டியான மணலை அகற்றிப் புதுச் சிலிக்கா மணலைத் தூவினாலே போதும். ஊற்றிய நீர் படுகையின் மேலேயே நின்றால், ஜல்லியைக் கையில் அள்ளிப் பாருங்கள். கற்களுக்கு இடையே கருத்த சேறு பிசுபிசுவென்று ஒட்டியிருந்து, சாக்கடை வாடை அடித்தால், கீழ்மண் மேலேறிப் படுகையை அடைத்துவிட்டது என்று பொருள். உங்கள் கடிதத்தில் துர்நாற்றம் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் இதுதான்.

அடுத்து மண்ணைச் சோதிக்க வேண்டும். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நீரை நிரப்பி முழுவதும் வடியவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். சில சென்டிமீட்டராவது இறங்கினால் படுகையை மட்டும் மாற்றினால் போதும். பழையதை வழித்தெடுத்து, மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணியை (நீரை விட்டு, மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, அதன்மேல் 10 சென்டிமீட்டர் உடைகல் ஜல்லியை இரண்டு அடுக்காகத் திமிசு கொண்டு இடித்து, மேலே சிறு சிப்ஸ் கல்லால் சமன் செய்யுங்கள். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் உருளும். தூள் மிகுந்த கல்லோ நாளடைவில் சிமென்ட் போல இறுகிவிடும். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம் (சரிவு) இருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்தே உறுதிசெய்ய வேண்டும். கண்ணளவு இதில் பலரை ஏமாற்றியிருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் அது களிமண். அங்கே எவ்வளவு ஜல்லி கொட்டினாலும், நீர் நிற்பதற்கு ஒரு தொட்டி கட்டியதாகத்தான் முடியும். தாழ்வான விளிம்பு நெடுக வாய்க்கால் வெட்டி, துணி சுற்றிய 100 மில்லிமீட்டர் துளைக்குழாயை, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவில் பதித்து, ஜல்லியால் மூடி, அதைவிடத் தாழ்ந்த ஓர் இடத்துக்கு நீரைக் கொண்டுபோய்விட வேண்டும். கூரை நீர் அந்த மூலையில்தான் விழுகிறதா என்பதையும் பாருங்கள். அதை வேறு பக்கம் திருப்பிவிட்டாலே பாதிச் சிக்கல் தீரக்கூடும். நீரை வெளியேற்றத் தாழ்ந்த இடமே இல்லையென்றால், அந்த மூலையில் புல்லைக் கைவிட்டு, ஈரத்தை விரும்பும் செடிகளை வைப்பதுதான் என் கருத்தில் நேர்மையான தீர்வு.

இவையெல்லாம் முடிந்து படுகை நன்றாகக் காய்ந்த பிறகே இணைப்பைத் தொடுங்கள். விரிப்பின் முதுகை நகத்தால் சுரண்டுங்கள். ரப்பர்ப் பூச்சு பொடியாக உதிர்ந்தாலோ, புல் இழைகள் இழுத்தவுடன் கையோடு வந்தாலோ, அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒட்டுத் துண்டை முதுகுப் பக்கத்திலிருந்து, தையல் வரிசைகளுக்கு இடையே, புல் சாயும் திசை மாறாமல் வெட்டுங்கள். திசை மாறினால் நிறம் வேறாகத் தெரியும். அடியில் இணைப்பு நாடாவை வைத்து, இழைகள் பசையில் சிக்காதபடி விரலால் விலக்கிக்கொண்டே ஒட்டி, ஒரு நாள் முழுவதும் மேலே பாரம் ஏற்றி வையுங்கள்.

கேள்வி: எங்கள் புல்விரிப்பு மொட்டைமாடி சிமென்ட் தரையில் கிடக்கிறது. நீர் வடியத் தரையில் துளை போடலாமா?

பதில்: கூடாது. துளை போட்டால் நீர்க்காப்புப் பூச்சு உடைந்து, கீழே உள்ள அறையின் கூரையில் நீர் கசியும். வடிகுழாயின் வாயை விரிப்பு மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். வாயைத் திறந்துவிட்ட பின்னும் நீர் தேங்கினால், விரிப்புக்கு அடியில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் வடிகால் பாயைப் போட்டுப் புல்லைத் தரையிலிருந்து சற்றே உயர்த்துங்கள்.