கூலியும் செஞ்சோற்றுக் கடனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் குறுநாவலில் சிறைக்குள் புகுந்து ஒரு கைதியை மீட்க ஐந்து கூலிப்படையினர் போகிறார்கள். மதில்மேல் காவல் நிற்பவர்கள் தன் பழைய படைப்பிரிவினர் என்று தெரிந்ததும் அவர்களுடைய வண்டியோட்டி தயங்குகிறான். காசுக்குச் சண்டையிடுபவனுக்கு இத்தனை மனப்போராட்டம் ஏது? வலிந்து செய்ததாகவே பட்டது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூலிப்படையை நெருக்கடியில் நம்ப முடியாது என்பது பழைய எண்ணம்தான். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு எழுதிய உரையில் பரிமேலழகர் கூலிப்படை உள்ளிட்ட அறுவகைப் படைகளை எண்ணி, பரம்பரையாக வரும் மூலப்படையையே சிறப்புடையதாகக் கொள்கிறார். ஆனால் நம்ப முடியாதவனுக்கு மனப்போராட்டமும் இராது என்று அதற்குப் பொருளில்லை. 1499இல் பைசா நகரை முற்றுகையிட பிளாரன்ஸ் கூலிக்கு அமர்த்திய தளபதி பவோலோ விட்டெல்லி, மதில் உடைந்து வீரர்கள் உள்ளே பாயத் துடித்தபோது அவர்களைத் தடுத்து நிறுத்தினார். துரோகம் என்று முடிவுகட்டிய பிளாரன்ஸ் அதே ஆண்டில் அவர் தலையைக் கொய்தது; சித்திரவதையிலும் அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அது துரோகமா, எச்சரிக்கையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

இதற்கு நேர்மாறானது 1979இல் டெஹ்ரானில் நடந்தது. சிறைப்பட்ட இரண்டு அமெரிக்க நிறுவன அதிகாரிகளை மீட்க, ஓய்வுபெற்ற கர்னல் ஆர்தர் சைமன்ஸ் ஒரு குழுவுக்குத் தலைமையேற்றார். 1970இல் வடவியட்நாமின் சோன் டே சிறை மீட்பைக் களத்தில் வழிநடத்தி, கைதிகள் முன்பே இடம் மாற்றப்பட்டிருந்ததால் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். இம்முறை அவர் கூலி வாங்கவில்லை. குழுவில் சேர்ந்தவர்களோ அந்த இருவருடன் வேலைபார்த்தவர்கள். பிப்ரவரி 11 அன்று புரட்சிக் கூட்டம் கஸ்ர் சிறையை உடைக்க, இருவரும் தாமே நடந்து வெளியேறினார்கள் என்பதும், குழு பிறகு அவர்களைத் தரைவழியே துருக்கிக்குக் கொண்டுசென்றது என்பதும் வேறு கதை. மீட்கப்பட வேண்டியவனின் முகம் பழகிய முகமாக இருந்ததால் அவர்களுடைய விசுவாசம் பிளவுபட இடமிருக்கவில்லை.

கூலிப்படையினனுக்கோ கைதி வெறும் புகைப்படம். வாங்கிய முன்பணம் அவனை மதில் வரை கொண்டுவரும். அதற்கு அப்பால் அவனை இழுப்பவர்கள் பக்கத்தில் நிற்கும் தோழர்களும், முன்பு ஒரே பானைச் சோற்றை உண்டவர்களும்தான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதில் இன்றைய சோறு, நேற்றைய சோறு என்ற கணக்கு கிடையாது. என் வண்டியோட்டி சிக்கிக்கொண்டது அங்கேதான்.

வலிந்து செய்தது என்று நீங்கள் சொல்வதில் ஓர் உண்மையும் இருக்கிறது. அபாயச் சங்கு ஒலித்த பிறகு அவனை இரண்டு பக்கம் யோசிக்க விட்டிருக்கிறேன். யாரும் அப்படி யோசிப்பதில்லை. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, கியரின் மேல் வைத்த அவன் கையை மட்டும் விட்டுவைப்பேன்.