சாவிக்குச் சீட்டு எழுதும் அப்பா

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். முற்றிவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான் என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் நோயைப் பற்றிப் பேசவில்லை, அழவும் இல்லை. பழைய ரசீதுகளைக் கிழித்துப் போடுகிறார். வீட்டுச் சாவி ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டி, எந்தப் பூட்டுக்கு உரியது என்று எழுதுகிறார். உண்மையை ஏற்க மறுக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. நான் பேச்சை எடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஏற்க மறுப்பவர் சாவிக்குச் சீட்டு கட்டமாட்டார். தான் இல்லாத வீட்டில் நீங்கள் எந்தப் பூட்டின் முன்னும் தடுமாறி நிற்கக் கூடாது என்று நினைப்பவர்தான் அதைச் செய்வார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அழுகைக்குப் பதில் வேலை செய்கிறார், அவ்வளவுதான்.

சாவை எதிர்கொள்ளும் மனம் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளைக் கடப்பதாக மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதினார். சாகும் நிலையில் இருந்த நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசிக் கேட்டு எழுதியது. பிறகு எல்லோரும் அதைப் படிக்கட்டாக்கிவிட்டார்கள், ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆக வேண்டும் என்பதுபோல. அப்படி வரிசையாக, எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்று அவரே பிற்காலத்தில் விளக்க வேண்டியிருந்தது. காலையில் ரசீதைக் கிழிப்பவர் மாலையில் அடுத்த வருடத்துக்குத் திட்டம் போடலாம். போடட்டும். திருத்தாதீர்கள்.

அவர் மனதைவிட இப்போது அவசரமானது அவர் உடம்பு. மூச்சுத்திணறலும் வலியும் இருக்கும்போது யாராலும் நிதானமாக எதையும் யோசிக்க முடியாது. பாலியேட்டிவ் கேர் எனும் வலி தணிப்புச் சிகிச்சையைக் கடைசி வாரத்துக்கென்று ஒதுக்கி வைப்பவர்கள் அதிகம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. முற்றிய நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையுடன் இதையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. தீவிர சிகிச்சைகள் குறைவாகவே தரப்பட்டும், அவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேராவது வாழ்ந்த காலம், 11.6 மாதங்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்டு வாங்குவது கைவிடுவதாகாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நீங்களே கேளுங்கள்.

சரி, பேச்சை எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் சாவைப் பற்றி ஆரம்பிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, உங்களுக்கு எது ரொம்பக் கவலையா இருக்கு?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து போய்விடாதீர்கள். இன்னொரு நாள் அவரே சொல்லக்கூடும்.

அப்புறம் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பேச முடியாத நிலை வந்தால் செயற்கை சுவாசம் வேண்டுமா, கடைசி நாட்கள் வீட்டிலா மருத்துவமனையிலா, அவர் சார்பில் யார் முடிவெடுப்பது என்று கேட்டுவிடுங்கள். இத்தனையும் எழுதி வைப்பவர் இதையும் எழுதித் தருவார் என்றே நினைக்கிறேன். அதில் ஒரு பிரதியை டாக்டரிடம் கொடுத்து வையுங்கள்.